கன்னி மூலையில் குழி கூடாது

செப்டம்பர் 10, புதன்

இன்று என் குழியை எடுத்துக்கொண்டுபோய் மேட்டின் உச்சியில் வைத்துவிட்டார்கள்.

சேலத்துக்கு வெளியே, ஏற்காடு மலையடிவாரத்தில் ஒன்பது ஏக்கர் நிலம். அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிறார்கள். மரம், புதர், புல் எல்லாவற்றையும் வழித்தாயிற்று. இப்போது பார்க்கும் இடமெல்லாம் வெறும் செம்மண். அரசு கொடுத்த அனுமதியில் மழைநீருக்கென்றே தனி நிபந்தனைகள் உண்டு. மழைக்காலத்துக்கு முன் நிலத்தின் தாழ்ந்த மூலையில் வண்டல் தொட்டி வெட்ட வேண்டும். சேற்றுத் தண்ணீர் அதில் தேங்கி, மண் அடியில் தங்கி, தெளிந்தது மட்டும் வெளியேற வேண்டும். மண் குவியலை மூடிவைக்க வேண்டும். பக்கத்து ஆளின் வாசலுக்கு நம் மண் போகக் கூடாது. இவற்றைப் பார்த்துக்கொள்ளத்தான் சுற்றுச்சூழல் அலுவலர் என்ற பெயரில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். மண்ணரிப்பில் நான் செய்த ஆய்வை என் பேராசிரியர் தன் பெயரில் ஊர் ஊராக வாசித்துப் பெரிய மனிதரானார். எனக்கு இந்த நாற்காலி.

மலை வடகிழக்கில் இருக்கிறது. எனவே நிலம் வடகிழக்கில் உயர்வு, தென்மேற்கில் தாழ்வு. தொட்டியைத் தென்மேற்கில் வரைந்தேன். வேறெங்கே வரைவது?

காலையில் முதலாளி கோவர்த்தனன் தன் காரில் நாச்சிமுத்துவை அழைத்துவந்தார். மின்வாரியத்தில் பில் கணக்கு பார்த்து ஓய்வுபெற்று, வாஸ்து நிபுணராக மறுபிறவி எடுத்தவர். கையில் திசைகாட்டி. வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"கன்னி மூலைல குழியா? யாருங்க போட்டது இந்தப் பிளானு?"

"நான்தான்."

"சாருக்குக் குழந்தைங்க எத்தனைங்க?"

"இல்லை."

"அதானே," என்றார், என்னிடம் அல்ல, முதலாளியிடம். "கன்னி மூலை ஒசந்து, கனமா இருக்கோணுங்க. குழி, தண்ணியெல்லாம் ஈசானியத்துல. இந்த இடத்துல மண்ணத் தோண்டுனா மூத்த பையனுக்கு ஆகாதுங்க."

முதலாளியின் மூத்த பையன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். டீ வருவதற்குள் முடிவாகிவிட்டது. தொட்டி வடகிழக்குக்குப் போனது, அதாவது மேட்டின் உச்சிக்கு. தண்ணீர் அங்கே எப்படிப் போகும் என்று கேட்டேன். திட்ட மேலாளர் வெற்றிச்செல்வன் என் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனான். கல்லூரியில் எனக்கு நான்கு வருடம் இளையவன். என் பிராக்டிகல் நோட்டைப் பார்த்தெழுதித் தேறியவன். இன்று என் மேலதிகாரி.

"பம்ப் வச்சு மேல ஏத்திக்கலாம்ணா. எதுக்குண்ணா டென்ஷன் ஆவறீங்க?"

மழைத் தண்ணீரைப் பம்ப் வைத்து மலைமேல் ஏற்றப்போகிறார்கள்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒரு தகவலைப் பதிவுக்காக மட்டும் எழுதிவைக்கிறேன். தென்மேற்கு மதிலுக்குக் கீழே ஒரு சந்து. அதில் புதிதாக எழும்பிய நகர். மதிலை ஒட்டிய முதல் வீடு அருணாசலத்துடையது. அருணாசலம் எனக்கு உடன்பிறந்தவர், மூத்தவர். நாங்கள் பேசி பதினோரு வருடம் ஆகிறது.

அப்பா இறந்த அன்று நான் டெல்லியிலிருந்து கிளம்பிவிட்டேன். கோயம்புத்தூரில் இறங்கி டாக்சி பிடித்தபோதும் கூப்பிட்டுச் சொன்னேன். இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும், நாள் சரியில்லை என்று எவனோ ஒருவன் சொன்னானாம். அருணாசலம் எடுத்துவிட்டார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது பெண்கள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை.

நாள், நேரம், மூலை என்று பேசுகிற ஒருவனையும் அதற்குப் பிறகு நான் மன்னித்ததில்லை. அந்த வீட்டைப் பற்றி எனக்கு எந்தக் கவலையும் கிடையாது. என் கவலை நிபந்தனையைப் பற்றியது.

செப்டம்பர் 17, புதன்

ஈசானியத்தில் குழி தயார். நான்கு பக்கமும் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வானத்திலிருந்து நேராக விழுந்தால்தான் உண்டு.

அதோடு நிற்கவில்லை. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று கேட்டால், கன்னி மூலை கனக்க வேண்டுமே! லாரி லாரியாகத் தென்மேற்கு மதிலை ஒட்டிக் குவிக்கிறார்கள். அந்த மதில் வெறும் ஹாலோ பிளாக். எல்லை காட்டக் கட்டியது, மண்ணைத் தாங்க அல்ல. அடியில் தண்ணீர் வடியத் துளைகளாவது விடுங்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். கன்னி மூலைச் சுவரில் ஓட்டை ஆகாது என்று நாச்சிமுத்து ஏற்கெனவே சொல்லிப் போயிருக்கிறாராம்.

வெற்றிச்செல்வனுக்கு எழுத்தில் கொடுத்தேன். படித்தான். "உங்க தமிழு இன்னும் அப்படியே இருக்குதுண்ணா," என்றான்.

செப்டம்பர் 18, வியாழன்

ரேஷன் கடை. கேஸ் புத்தகம் புதுப்பித்தேன். ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க மறந்துவிட்டேன்.

மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள், விஷயம் உடனே புரிந்துவிடும். விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அந்த வாஸ்து ஆளத் தனியா போய்ப் பாருங்களேன். தோசம்னு ஒண்ணு இருந்தா பரிகாரம்னு ஒண்ணு இருக்கும். ஒரு தேங்காய உடைச்சிட்டு குழி வெட்டிக்கலாம்னு சொல்ல வச்சிருங்க."

"தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதற்கு நான் ஒரு பில் கணக்கரிடம் போய் அனுமதி கேட்கவா?"

"கேக்காதீங்க. சண்டையே போடுங்க. அதுலதான உங்களுக்கு ருசி."

அவள் பின்கட்டில் போய் யாருக்கோ போன் செய்தாள். யாருக்கென்று எனக்குத் தெரியும். வாரம் ஒரு முறை மதிலுக்குக் கீழே உள்ள அந்த வீட்டுப் பெண்மணியோடு பேசுவாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பொக்லைனுக்கும் கலவை மெஷினுக்கும் சந்தனம், மாலை. காலிக் குழிக்கும் மாலை. பொரியும் கடலையும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். பசி.

அக்டோபர் 8, புதன்

நிபந்தனைகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க அதிகாரி வந்தார். நான் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். சட்டையை நானே இஸ்திரி போட்டுப் போனேன்.

வெற்றிச்செல்வன் அவரை நேராக ஈசானியத்துக்கு நடத்திச் சென்றான். வாடிய சாமந்தி மாலையோடு குழி பளபளவென்று இருந்தது. அதிகாரி போட்டோ எடுத்துக்கொண்டார்.

"சார், இது நிலத்தின் உச்சி," என்றேன். "தண்ணீர் இங்கே வராது."

"தொட்டி இருக்கோணும்னுதான போட்டிருக்கு?"

"தாழ்ந்த இடத்தில் என்று போட்டிருக்கிறது சார். வந்து தென்மேற்கு மதிலைப் பாருங்கள். மண்ணை எப்படிக் குவித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்."

அவர் என் தோளுக்கு மேலாகத் தென்மேற்கைப் பார்த்தார். குடையை விரித்தார். வெயில் நன்றாகத்தான் இருந்தது.

"தாழ்வு ஒசரம்லாம் பாத்தா ஒருத்தரும் வீடே கட்ட முடியாதுங்க. எங்க வீட்லயே கன்னி மூலைல செப்டிக் டேங்க் வச்சு அஞ்சு வருசம் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். வெற்றிச்செல்வன் சத்தமாகச் சிரித்தான். நான் படித்த படிப்பையெல்லாம் அந்தக் குழியில் போட்டு மூடியிருக்கலாம், அதற்காவது பயன்பட்டிருக்கும்.

மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். பெயரில்லாமல் அனுப்பும் கோழைத்தனம் என்னிடம் இல்லை. முழுப் பெயரும் பதவியும் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள். முதல் பெரிய மழை. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் ஒன்பது ஏக்கர் செம்மண்ணையும் கரைத்துக்கொண்டு, இயற்பியல் சொன்னபடி, தென்மேற்குக்கு வந்து சேர்ந்தது. மண் குவியலுக்குப் பின்னால் குளமாக நிற்கிறது. மதிலில் ஒரு விரிசல். படி படியாக, பிளாக்குகளின் இணைப்பு வழியே.

வெற்றிச்செல்வன் தீபாவளிக்கு மாமனார் வீட்டில் இருக்கிறான். "திங்கக்கெழம வந்து பாக்கறேன்ணா. ஆளுங்க ஒருத்தனும் இல்ல, இப்ப என்ன பண்ண முடியும்?" பின்னால் பட்டாசுச் சத்தம். முதலாளி மகனைப் பார்க்க ஆஸ்திரேலியா போய்விட்டார்.

புகாருக்குப் பதில் இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

மழை. மதிலின் நடுப்பகுதி வெளிப்பக்கமாக உப்பியிருக்கிறது. சந்தில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது.

நான் சந்துக்குப் போனது மதிலைப் பார்க்க. அந்த வீட்டின் படுக்கை அறை ஜன்னல் மதிலிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஒருவர் பகல் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

அக்டோபர் 25, சனி

சாப்பாட்டு மேசையில் மதிலின் வரைபடத்தை விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். உப்பியிருக்கும் இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தேன். பக்கத்து வீட்டின் படுக்கை அறையையும் குறித்திருந்தேன். வரைபடம் என்றால் சுற்றுப்புறத்தையும் குறிப்பதுதான் முறை.

குளித்துவிட்டு வந்தபோது மரகதம் என் முன்னாலேயே அங்கே போன் போட்டாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக ஒளிவு மறைவில்லாமல்.

"அக்கா, நாலு நாளைக்கு உங்க பொண்ணு வீட்டுக்குப் போயிருங்க. செவரு விழற மாதிரி இருக்குதாம். ஆமா, இவர்தான் சொன்னாரு."

நான் சொல்லவில்லை. வரைபடத்தை மேசைமேல் வைத்தேன், அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மறுமுனையில் நெடுநேரம் பேச்சு. போனை வைத்த மரகதத்தின் முகம் கறுத்துவிட்டது.

"அக்கா கெளம்பறேன்னுதான் சொல்றாங்க. உங்க அண்ணன்தான் கட்டிலை விட்டு எறங்க மாட்டேங்கறாராம். 'அவன் சொன்னான்னு நான் என் வீட்ட விட்டு ஓடணுமா? வீட்டக் காலி பண்ண வச்சு ஊர் சிரிக்கப் பாக்கறான். செவரு விழுந்தா என்மேலயே விழட்டும்'னு சொல்றாராம். அவர விட்டுட்டு அக்காவும் கெளம்ப மாட்டாங்க."

"விழட்டும்," என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே வயித்துலதான் பொறந்தீங்கன்னு யாரும் சொல்ல வேண்டாம்," என்றாள் மரகதம். சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் ஒரே மாதிரி என்று சொல்ல அவளுக்கு என்ன தைரியம். நான் ஆதாரத்தோடு பேசுகிறவன். அவர் வீம்புக்குச் சாகிறவர். மழை விட்டபாடில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நாளை யாராவது கேட்பார்கள்.

மதியம் தளத்துக்குப் போனேன். காவலாளியும் பொக்லைன் ஓட்டுநர் பழனிவேலும் மட்டும் ஷெட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். தேங்கிய தண்ணீர் மதிலின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. விரிசலில் விரல் நுழைந்தது.

செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். மதிலின் மேற்கு முனையில், மண் குவியல் இல்லாத இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வாய் வெட்டித் தண்ணீரைச் சந்துக்கு இறக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் குவியலை மேல் பக்கத்திலிருந்து இழுத்துவிட வேண்டும். சந்து சேறாகும். ஆனால் மதில் ஒரேயடியாக யார் தலையிலும் விழாது.

"வண்டியை எடு," என்றேன்.

"எங்கைங்க சார்?"

"தென்மேற்கு மூலைக்கு."

பழனிவேல் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். "அய்யோ, கன்னி மூலைங்களா? நான் மாட்டேனுங்க. அந்த மூலைய நோண்டக்கூடாதுன்னு மொதலாளி எத்தன தடவ சொல்லிட்டாரு. எனக்கு ரெண்டு பசங்க இருக்குதுங்க சார்."

"முதலாளிக்கு நான் பதில் சொல்கிறேன்."

"மொதலாளி கெடக்கறாருங்க. சாமி குத்தத்துக்கு யாரு பதில் சொல்லறது?"

மண்ணின் எடையைச் சொன்னேன். தண்ணீரின் அழுத்தத்தைச் சொன்னேன். கீழே ஆள் இருக்கிறது என்று சொன்னேன். அதற்கு அவன் முகம் மாறியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. காவலாளியைப் பார்த்தான். காவலாளி ஷெட்டுக்குள் போய், ஆயுத பூஜையில் மிஞ்சிய ஒரு தேங்காயும் கற்பூரமும் எடுத்துவந்தான்.

"பூசை போட்டுட்டு வெட்டுனா பரவாயில்லைன்னுதான் சொல்லுவாங்க," என்றான் பழனிவேல். "ஆனா நான் ஒடைக்க மாட்டேனுங்க. ஒடைக்கறவன் பேருலதான் குத்தம் எறங்கும். நீங்களே ஒடைங்க. உங்களுக்குத்தான்..."

நிறுத்திக்கொண்டான். உங்களுக்குத்தான் பிள்ளை குட்டி இல்லையே என்பதுதான் மீதி. தலையைக் குனிந்துகொண்டு, "தப்பா நெனைக்காதீங்க சார்," என்றான்.

அறைந்திருப்பேன். நேரமில்லை.

முழங்கால் சேற்றில், கொட்டும் மழையில், மண்ணியலில் முதுகலைப் பட்டம் பெற்ற நான், தென்மேற்கு மூலையில் காவலாளி பிடித்த குடைக்கடியில் கற்பூரம் கொளுத்தினேன். மூன்று முறை அணைந்தது. தேங்காயை என் கையால் உடைத்தேன். குற்றம் எல்லாம் என்மேல் வரட்டும் என்று சத்தமாகச் சொல்லச் சொன்னான் பழனிவேல். சொன்னேன். அவன் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். அதன் பிறகு நான் காட்டிய இடத்தில், காட்டிய அளவுக்கு, துல்லியமாக வெட்டினான்.

தண்ணீர் செக்கச் செவேலென்று சந்தில் இறங்கியது. முதலில் இருந்த கேட்டுக்குள் புகுந்தது. முற்றம், வராந்தா, ஸ்கூட்டர் எல்லாம் சேறு. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அருணாசலம் வெளியே ஓடிவந்தார். கடைசியில் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார்!

"டேய் தணிகாசலம்! கண்ணு அவிஞ்சு போச்சாடா? என் ஊட்டுக்குள்ள சேத்த வுடறியா? இதுக்குத்தான் இத்தன வருசம் காத்துக்கெடந்தியாடா நாயே?"

சந்து முழுக்க வேடிக்கை பார்த்தது. மதில் எப்படி நின்றது என்று விளக்கியிருந்தால், அவரிடம் நன்றி எதிர்பார்க்கிறேன் என்று ஆகியிருக்கும். பழனிவேலிடம் இன்னும் அரையடி ஆழம் வெட்டச் சொன்னேன். இருட்டுவதற்குள் தண்ணீர் வடிந்தது. குவியலையும் பாதிக்கு மேல் இழுத்துவிட்டோம்.

அக்டோபர் 27, திங்கள்

வேலை போய்விட்டது. வெற்றிச்செல்வன் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். கன்னி மூலையைத் தோண்டியதற்காக அல்லவாம். நிறுவனத்தின் சொத்தை அனுமதியில்லாமல் இடித்ததற்காகவாம். பக்கத்து வீட்டுக்குள் சேறு விட்டது வேறு. நகர்க்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து ஆர். அருணாசலம். எனக்குக் காட்டினான்.

நாச்சிமுத்து வந்திருந்தார். மதிலைத் தட்டிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாத்தீங்களா? இத்தன மழைக்கும் செவரு அசையல. கன்னி மூலையக் கனமா வச்சதுதான் காப்பாத்திருக்கு."

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். விழாத சுவரை வைத்து நான் எதை நிரூபிப்பது? அது விழுந்து, அடியில் இரண்டு பேர் கிடந்திருந்தால் என் ஆய்வை நம்பியிருப்பார்கள். பழனிவேல் தூரத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு இரண்டு பசங்க.

அக்டோபர் 28, செவ்வாய்

வீட்டில் இருந்தேன். பேப்பர் படித்தேன். வெயில்.

அக்டோபர் 29, புதன்

அனுமதிக் கடிதத்தை இன்று மறுபடி படித்தேன். வேலை போனவன் ஏன் படிக்கிறான் என்று மரகதம் கேட்டாள். மழைநீர் நிபந்தனைகளின் கடைசிப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. தளத்திலிருந்து மண் வெளியேறி அண்டை இடத்தில் படிந்தால், தளத்தின் பொறுப்பாளர் தம் செலவில் அதை அகற்ற வேண்டும்.

மண்வெட்டியையும் மண் அள்ள இரண்டு பாண்டுச் சட்டிகளையும் வண்டியில் கட்டினேன்.

"ஏங்க, நீங்கதான் இப்ப பொறுப்பாளர் இல்லையே?"

"மண் வெளியேறிய அன்று நான்தான் பொறுப்பாளர்."

மரகதம் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பை அடக்கினாளோ என்னவோ. அவளோடு சண்டை போட எனக்கு நேரமில்லை.

கேட் திறந்துதான் இருந்தது. யாரையும் கூப்பிடாமல் முற்றத்தில் வேலையைத் தொடங்கினேன். சேறு காய்ந்து மேலே கெட்டித்து, உள்ளே களியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் நாற்காலி இழுபடும் சத்தம்.

"எவண்டா உன்ன வரச் சொன்னான்?"

"நிபந்தனை."

"என்னது?"

"உனக்காக வரவில்லை. மண்ணை எடுக்க வந்தேன்."

"எடு. ஒரு பொட்டு மண்ணு இருக்கப்படாது. ஸ்கூட்டர எவன் கழுவறது?"

"முதலில் தரை."

"மம்முட்டிய அப்பிடிப் புடிச்சா இடுப்பு போயிரும்டா முட்டாளு."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? உனக்கு என்னைக்குத்தான் எது தெரிஞ்சுது? அப்பா மேலுக்கு முடியாமக் கெடந்த ரெண்டு மாசத்துல எத்தன தடவடா வந்து பாத்த?"

மண்வெட்டியைப் போட்டேன். அதற்குப் பிறகு இருவரும் கத்தினோம். பதினோரு வருடத்தையும் கத்தினோம். ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டேன். அவர் நான் ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டார். ஒரு கட்டத்தில் சுலோச்சனா அண்ணி வந்து ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, "கத்தி முடிச்சதும் சொல்லுங்க, சோறு வடிச்சுட்டேன்," என்று சொல்லிப் போனார்.

நான் சாப்பிடவில்லை. மோர் மட்டும் குடித்தேன்.

முற்றம் பாதிதான் முடிந்திருக்கிறது. அண்ணன் இடுப்புவலிக்காரர், அவரால் குனிய முடியாது. கூலிக்கு ஆள் வைத்தால் அடிமண்ணை வழிக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போய்விடுவார்கள். அது சாக்கடையை அடைக்கும். அதுவும் நிபந்தனைக்கு விரோதம். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் போயாக வேண்டும்.